எகனாமிக்ஸை எச்1-க்கு இறக்கலாமா?

கேள்வி: வணக்கம்க்கா. மக சிங்கப்பூர்ல ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதல் வருஷம், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் எகனாமிக்ஸ் நாலுமே எச்2 (ஏ லெவல்ல முழுப் பாடம், எச்1-ன்னா அதுல பாதி அளவு). ப்ரோமோஸ்ல (வருஷக் கடைசிப் பரீட்சை) கெமிஸ்ட்ரி டி, எகனாமிக்ஸ் சி, மத்த ரெண்டும் பி. எகனாமிக்ஸை எச்1-க்கு இறக்கிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாலு எச்2 இருந்தாதான் யூனில மதிப்பாங்கன்னு அவங்கப்பா பிடிவாதம். அவளுக்கு பார்மசி படிக்க ஆசை. யார் சொல்றது சரி?
- ஒரு அம்மா, யீஷூன்

பதில்: மக சொல்றதுதாம்மா சரி. ஆனா அவங்கப்பாகிட்ட சும்மா சொன்னா கேக்க மாட்டாரு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு உக்காருங்க.

2026 அட்மிஷன்லேர்ந்து யூனில சேக்குற பாயின்ட் கணக்கே மாறிப்போச்சு, முன்னாடி 90-க்கு, இப்ப 70-க்கு. மூணு எச்2-க்கு தலா 20, ஜிபிக்கு (ஜெனரல் பேப்பர்) 10, அவ்ளோதான். நாலாவது பாடம் எச்2-வாவே எழுதுனாலும் அதுக்கு எச்1 கணக்குல 10 பாயின்ட்தான், அதுவும் மொத்தத்தை ஏத்துனா மட்டும் சேத்துப்பாங்க, இறக்குச்சுன்னா விட்டுடுவாங்க.

இப்ப உங்க மக மூணு எச்2-ல ஏ, பி, பி, ஜிபில பி வாங்குறான்னு வெச்சுக்குங்க. 20, 17.5, 17.5, அதோட 8.75, ஆக 63.75. நாலாவது பாடத்துல ஏ எடுத்தா 80-க்கு 73.75, அதை 70-க்கு மாத்துனா கிட்டத்தட்ட 64.5. முக்கால் பாயின்ட் சொச்சம் லாபம். ஆனா அந்த நாலாவதுக்காக ராத்திரி முழிச்சு கெமிஸ்ட்ரி ஒரே ஒரு கிரேடு இறங்குச்சுன்னா 2.5 போச்சு! வீட்டுக்காரர்கிட்ட இந்த ரெண்டு நம்பரை மட்டும் காட்டுங்க போதும்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். நாலு எச்2 இருந்தா ஒண்ணு ஊத்திக்கிட்டாலும் மத்த மூணை வெச்சு தப்பிச்சுக்கலாம். ஆனா பார்மசிக்கு எச்2 கெமிஸ்ட்ரி இல்லாம கதவே திறக்காது, அப்புறம் அதைப் போய் ஊத்திக்கிற பாடமா வெச்சுக்கிட்டா எப்படி? டி-ல கிடக்குறதும் அதே பாடம்தான். எகனாமிக்ஸ் எச்1-ல கேஸ் ஸ்டடி பேப்பர் ஒண்ணுதான், எச்2-ல அது போக தனி பேப்பர்ல மூணு எஸ்ஸே எழுதணும், அந்த எஸ்ஸே பயிற்சிக்குப் போற நேரம் அப்படியே கெமிஸ்ட்ரிக்குத் திரும்பும். திரும்பணும், போன் பக்கம் போயிடக்கூடாது, அது வேற சண்டை.

சோம்பேறின்னு நினைப்பாங்களோன்னு பயம் வேண்டாம், மூணு எச்2-வும் ஒரு எச்1-ம்தான் இங்க வழக்கமான காம்பினேஷனே. என் பெரியவன் பெருமைக்கு எச்2-க்கும் மேல இருக்குற எச்3 எடுத்தான், தேக்காவுக்கு சாமான் வாங்கப் போனா பாக்குறவங்ககிட்ட எல்லாம் நானும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், கடைசில அது இந்தப் பாயின்ட் கணக்குலயே வரலைன்னு தெரிஞ்சப்ப வீட்ல ரெண்டு நாளு யாரும் யார்கூடவும் பேசல. அமெரிக்கா பக்கம் அப்ளை பண்றதா இருந்தா கதை வேற, ஸ்கூல்ல இருக்குறதுல எவ்ளோ கஷ்டமான பாடம் எடுத்தேன்னு அங்க பாப்பாங்க. நீங்க அது பத்தி ஒண்ணும் எழுதலையே.

இன்னொண்ணு, என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) வெப்சைட்ல ஒவ்வொரு கோர்ஸுக்கும் போன வருஷம் இடம் கிடைச்சவங்க கிரேடு போட்டிருப்பாங்க, அதுல 10-ஆவது பெர்சன்டைல்னு இருக்குறதைப் பாருங்க, பத்துல ஒம்பது பேரு அதுக்குச் சமமாவோ மேலேயோ எடுத்தவங்க. மக இப்ப எங்க நிக்கிறான்னு அதுல தெரிஞ்சுடும். இறக்குறதுக்குக் கடைசி தேதி ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், லீவு விடுறதுக்குள்ள ட்யூட்டரைப் போய்க் கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: அக்கா, நான் எச்1 தமிழ் எழுதப் போறேன். யூனி கணக்குல அது வருமா, இல்ல சும்மாவா?
- ஜேசி மாணவன், செங்காங்

பதில்: வரும் தம்பி. மேல சொன்ன நாலாவது பாடம் மாதிரிதான், உன் மொத்தத்தை ஏத்துனா சேரும், இல்லாட்டி விட்டுடுவாங்க. தமிழ்ல ஏ வாங்குற பசங்க ஜிபில சி வாங்கிட்டு நிக்கிறதை நிறையப் பாத்திருக்கேன், அவங்களுக்கெல்லாம் இது நல்லாவே கைகொடுக்கும். அதனால கட்டுரையை முந்தின நாளு ராத்திரி பாத்துக்கலாம்னு விட்டுடாதப்பா.