பனிமலையில் வாழும் குரங்குகள் குளிர்காலத்தில் எதைத் தின்று உயிர் பிழைக்கின்றன?

ஜப்பானின் காமிகோச்சி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். ஜனவரியில் எங்கு பார்த்தாலும் பனி. அங்குள்ள மக்காக் குரங்குகளுக்குக் கிடைப்பது மரப்பட்டை, மொட்டு, குட்டை மூங்கில் இலை, அவ்வளவுதான். அதில் சத்து எவ்வளவு இருந்துவிடும்?

ஆனால் அவை ஓடையிலும் இறங்குகின்றன. கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப்புழுக்களைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் குரங்குகளின் மலத்தைச் சேகரித்து, அதிலிருந்த டிஎன்ஏவைப் படித்தார்கள். நீர்ப்பூச்சிகளோடு மீனின் தடயமும் கிடைத்தது, டிரவுட் மீன்! 2021இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப்போனேன்.

அந்தக் குளிரில் ஓடை ஏன் உறையவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் சுவையான கேள்வி. மலைச்சரிவுகள் அரிக்கப்பட்டுச் சரிந்து கொட்டிய கல்லும் சரளையும் பள்ளத்தாக்கின் அடியில் தடிமனாகப் படிந்திருக்கின்றன. மழைநீரும் உருகிய பனிநீரும் அதற்குள் இறங்கி, நிலத்தடியின் வெப்பநிலையோடு ஊற்றாக மேலே வருகின்றன. வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் ஊற்றுநீர் சட்டென்று உறைந்துவிடாது. அதனால் பூச்சியும் மீனும் பிழைத்துக் கிடக்கின்றன.

பக்கத்திலேயே யாகே எரிமலையும் இருக்கிறது. 1915இல் அது வெடித்தபோது இறங்கிய சேறு அசுசா ஆற்றை மறித்து தைஷோ குளத்தை உண்டாக்கியது. இப்படி மலை இடிந்து, ஆறு நிரவி உருவான நிலத்தில்தான் அந்தக் குரங்கு இன்று கைவிட்டுத் துழாவுகிறது.