காசு கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்களா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் காசும் கொடுத்து, வேலைக்குத் திரும்பவும் உதவுகிறதாம். இங்கேயும் கொடுத்தால் நம் தேயிலைத் தோட்டத்துப் பொடியன்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கேரம் போர்டோடு உட்கார்ந்துவிட மாட்டார்களா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: ஒரு சதமும் கொடுக்காமலே உட்கார்ந்துதானே இருக்கிறார்கள்! அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

வேலை பறிபோனவருக்கென்று இலங்கையில் தனிக் கொடுப்பனவே கிடையாது. அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவு, குடும்பத்தின் வறுமையைப் பார்த்துத் தருவது. கொழும்புக் கடையில் நேற்றுக் கணக்கு முடித்து அனுப்பப்பட்ட பொடியனை அது விசாரிக்காது. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு அவன் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஆணுக்கு 55 வயதில்தான் கைக்கு வரும். வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது, முதலாளி கட்டும் 3 வீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிதான். அதுவும் கட்டியிருந்தால்! பல கடைகளில் பொடியன் பேரே புத்தகத்தில் இருக்காது. நினைத்தபடி ஆட்களை நிறுத்தக்கூடாது என்று 1971இல் ஒரு சட்டம் வந்தது. 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை அது தொடாது. நம் பிள்ளைகள் நிற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட கடைகளில்.

இங்கிலாந்துக்காரன் ஏமாளி இல்லை. அங்கே 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற அரசாங்க உதவிப் பணம் வாங்குபவர் வேலைக்குப் போன அன்றே காசு நின்றுவிடாது. உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வீதம்தான் குறையும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலும் போகலாம், கைக்கு மிச்சம் வரும். இங்கேயோ, மகன் சம்பளம் வாங்குவது தெரிந்தால் அஸ்வெசும பட்டியலிலிருந்து பேர் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். சோம்பலை வளர்ப்பது எது, நீங்களே சொல்லுங்கள்.

அவர்களுடைய எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை. அதிகாரியைச் சந்திக்கும் நாளைத் தகுந்த காரணமின்றித் தவறவிட்டால் அங்கே காசை வெட்டுவார்கள். 'தகுந்த காரணம்' எது என்று தீர்மானிப்பவரும் அதிகாரிதான். அதை மஸ்கெலியாவுக்கு இறக்குமதி செய்தால், மண் சரிந்து பஸ் நின்ற நாளுக்கும் பொடியன்தான் தண்டம் கட்டுவான்.

நான் கேட்பது சின்ன விஷயம். வேலை தேடும் மூன்று, நான்கு மாதத்துக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும். கையில் அதுகூட இல்லாதவன்தான் கிடைத்த முதல் கடையில், எந்தச் சம்பளத்துக்கும், பேர் பதியாமல் போய் நிற்கிறான். அடுத்தது, முகவரி. நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, பரீட்சை முடிந்தபிறகு லயத்துக்கு வந்து சேர்ந்த கதை நம் பக்கத்தில் கேட்காத வீடு உண்டா? ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம் போட்டு, தபால்காரரை நேரே வாசலுக்கு அனுப்ப எந்த வெளிநாட்டு நிபுணரும் வர வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் உத்தியோகத்தரும் தமிழில் பேசட்டும். மாதம் ஒருமுறையாவது தோட்டத்துப் பக்கம் ஏறி வரட்டும்.