பெரோவ்ஸ்கைட் சூரியக் கலத்துக்குள் மூலக்கூறு இருமுனைகள் ஒரே திசையில் நிற்கின்றனவா?

சூரியக் கலங்களில் பயன்படும் பெரோவ்ஸ்கைட்டுப் பளிங்கான மெதைல் அமோனிய ஈய அயடைட்டில் இருமுனைகள் (ஒரு பக்கம் நேரேற்றமும் மறுபக்கம் எதிரேற்றமும் மிகுந்த மூலக்கூறுகள்) எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால்தான், ஒளி எழுப்பும் இலத்திரனும் அது விட்டுவரும் நேரேற்றத் துளையும் பிரிகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் உயர்தர மாணவருக்கு இரசாயனம் கற்பிக்கிறேன்; இதே கேள்வி வகுப்பிலும் வருகிறது. அறை வெப்பநிலையில் அவை நிற்பதே இல்லை என்பதுதான் பதில்.

ஈயமும் அயடீனும் கட்டிய கூட்டுக்குள் ஒரு மெதைல் அமோனிய அயன் இருக்கிறது. அதன் இருமுனைத் திருப்புதிறன் (இருமுனையின் வலிமை) ஏறத்தாழ 2.3 டிபாய் அலகு, தனி நீர் மூலக்கூறுக்கு 1.85. ஐதரசன் பிணைப்பு அதை அயடீனோடு கட்டினாலும் பிடி தளர்வானது. கல்முனை பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவரைப் போல, நின்ற இடத்திலேயே ஓயாமல் தள்ளாடும். இடைக்கிடை முழுதாகத் திரும்பிக்கொள்ளும். 2015இல் வெளியான அகச்சிவப்பு அளவீடு தள்ளாட்டத்துக்கு 0.3 பிக்கோசெக்கன் (ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு), திரும்பலுக்கு ஏறத்தாழ 3 பிக்கோசெக்கன் என்றது. அதே ஆண்டின் நியூத்திரன் சிதறல் ஆய்வு திரும்பலுக்கு 14 பிக்கோசெக்கன் என்றது. எண் வேறுபட்டாலும் பிக்கோசெக்கன் அளவு என்பதில் பிணக்கில்லை. ஏறத்தாழ 160 கெல்வினுக்குக் கீழே போனால்தான் இந்த ஆட்டம் அடங்குகிறது.

நீங்கள் கேட்ட கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இருமுனைகள் சிறு சிறு பகுதிகளாக ஒழுங்குபட்டு, இலத்திரனுக்கும் துளைக்கும் தனித்தனிப் பாதை அமைக்கலாம் என்று பொருளறிவியலாளர் ஆரோன் வால்ஷின் குழுவினர் 2014இல் முன்வைத்தார்கள். அழகான கருத்து. மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது கலத்தின் மின்னோட்ட வளையி ஒரு மாதிரியும் குறைத்துக்கொண்டு வரும்போது வேறு மாதிரியும் வருவதற்கும் இருமுனைகளே காரணம் என்று சிலர் சொன்னார்கள். அந்த வேறுபாடு செக்கன் கணக்கில் நகர்வது. மூலக்கூறு திரும்புவதோ அதைவிட இலட்சம் கோடி மடங்கு அளவில் வேகமானது. இன்று பெரும்பாலோர் பழிசொல்வது, பளிங்குக்குள் மெல்ல ஊரும் அயடைட்டு அயன்களையும் அவை விட்டுச்செல்லும் வெற்றிடங்களையும்தான்.

எனக்கு இன்னும் வலுவாகப் படும் சான்று, மெதைல் அமோனியத்தின் இடத்தில் போடக்கூடிய சீசியம் அயன். அது வெறும் கோளம். நிரந்தர இருமுனை கிடையாது. ஆனாலும் சீசியம் ஈய அயடைட்டுக் கலம் நன்றாகவே வேலை செய்கிறது. அதே இடத்தில் போடும் இன்னோர் அயனான போமமிடினியத்தின் இருமுனை மெதைல் அமோனியத்தினதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மிகத் திறமையான கலங்கள் பலவற்றில் இருப்பது அதுவே. ஒளியை உறிஞ்சி இலத்திரனைக் கடத்தும் பெரும் வேலை ஈய-அயடீன் கூட்டினுடையது.

அதற்காக இருமுனைக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அது சுழல்வதால் பொருளின் தாழ்மீடிறன் மின்னுழைய மாறிலி (மின்புலத்தைப் பொருள் எவ்வளவு தணிக்கிறது என்று காட்டும் எண்) உயர்கிறது. 160 கெல்வினில் இருமுனைகள் உறைந்ததும் அந்த மாறிலி சட்டென விழுவது அளந்து காட்டப்பட்டது.

நம்மூர்க் கூரைக்கு வந்தால் கதை வேறு. ஏறத்தாழ 54 பாகை செல்சியசில் இந்தப் பளிங்கு நாற்கோண வடிவிலிருந்து கனசதுர வடிவுக்கு மாறுகிறது. மட்டக்களப்பு மதிய வெயிலில் ஒரு சூரியப் படல் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். அங்கே இருமுனையின் திசையைவிட மூலக்கூறு தங்குமா என்பதே கவலை. சூட்டிலும் வாவிக்கரை ஈரக்காற்றிலும் மெதைல் அமோனியம் மெதைலமீன் வாயுவாக வெளியேறிவிடும், மஞ்சள் ஈய அயடைட்டு எஞ்சும். செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்களானால், போமமிடினியமும் சீசியமும் கலந்த பெரோவ்ஸ்கைட்டின் ஈரத் தாங்குதிறனை எடுங்கள்.