ஈ.சி.ஜி. நார்மல் என்றார்களே, பிறகு எதற்கு ஹோல்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன்பு ரத்தக்கட்டி அடைத்ததால் பக்கவாதம் வந்து, இப்போது தேறிவருகிறார். ஈ.சி.ஜி. நார்மல், நெஞ்சுவலி வந்ததே இல்லை. ஆனாலும் எக்கோவும் (இதய ஸ்கேன்), ஒரு வார ஹோல்டரும் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவாக்கும் சோதனை) எடுக்கச் சொல்கிறார் நரம்பியல் மருத்துவர். மூளையில் வந்த நோய்க்கு இதயத்தை ஏன் சோதிக்க வேண்டும்?

பதில்: அவர் சொன்னது சரி. ஒத்திப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ரத்தக்கட்டி புறப்படும் இடம் இதயம்தான். பெரும்பாலும் காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நழுவினால் நேரே மூளைக்குப் போகக்கூடும்.

இந்தக் கோளாறு பலருக்கு வந்துவந்து போகும். வந்தது தெரியவே தெரியாது. வழக்கமான ஈ.சி.ஜி. பதிவாக்குவது சுமார் 10 விநாடிகளை. அந்தப் பத்து விநாடி துடிப்பு ஒழுங்காக இருந்தது என்பதற்கு மேல் அந்தத் தாளை நம்பக் கூடாது. 2014இல் வெளிவந்த ‘கிரிஸ்டல் ஏ.எஃப்.’ ஆய்வில், காரணம் பிடிபடாத பக்கவாத நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். வழக்கமான முறையில் பின்தொடர்ந்தவர்களில் ஆறு மாதத்தில் 1.4 சதவீதம் பேரிடம் இந்தக் கோளாறு தெரிந்தது. மார்புத் தோலுக்கடியில் சிறு கருவி பொருத்தியவர்களில் 8.9 சதவீதம். நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள்தான். தேடிய விதம்தான் வேறு.

தேடுவது மாத்திரைக்காகத்தான். இந்தக் கோளாறு இருப்பவருக்கு ஆஸ்பிரின் போதாது. வார்ஃபரின், அபிக்ஸாபன் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் பக்கவாத அபாயத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன. ‘அப்படியானால் சோதிக்காமலே அதைத் தொடங்கிவிடலாமே’ என்று சில வீடுகளில் கேட்பார்கள். கூடாது. காரணம் தெரியாத பக்கவாதத்துக்கு இதே வகை மருந்தான ரிவரோக்ஸாபனைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் (2018) ஆஸ்பிரினைவிடப் பலன் கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. ஆகவே, முடிவு தெரியும்வரை இப்போதைய மாத்திரைகளையே தொடரட்டும்.

ஹோல்டர் என்பது மார்பில் ஒட்டும் பட்டைகளும் ஒரு சிறு பெட்டியும்தான். நம் ஊர் வியர்வைக்குப் பட்டை கழன்றுவிடும். ஒட்டுமுன் முடியை மழித்து, தோலை நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். குளிக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை வந்ததும் ‘எத்தனை மணி நேரம் தெளிவாகப் பதிவானது?’ என்று கேளுங்கள். ஏழு நாள் கட்டி மூன்று நாள் மட்டும் பதிவான அறிக்கையிலும் ‘நார்மல்’ என்றே எழுதியிருக்கும்.

எக்கோவுக்கு வேறு வேலை. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பே வலியில்லாமல் வந்து போகலாம்; ‘நெஞ்சுவலி இல்லை’ என்பதில் நிம்மதியடைய முடியாது. அப்படி வந்துபோன தழும்பையும் அங்கே படிந்த கட்டியையும் எக்கோ காட்டும். சிறுவயதில் காய்ச்சலோடு மூட்டுகள் வீங்கிய வரலாறு உண்டா என்று அப்பாவிடம் கேட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியிருந்து துடிப்பும் தாறுமாறானால், அபிக்ஸாபன் போன்ற புதிய மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின் வகையே மேல்.

ஆஞ்சியோகிராம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது, எக்கோவில் தசை சரியாகச் சுருங்கவில்லை என்பது போன்ற தடயம் இருந்தால் இதய மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டில் தினமும் ஒரு முழு நிமிடம் அவர் மணிக்கட்டில் நாடி பாருங்கள். துடிப்பு முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக இருந்தால், அது அடங்குமுன் அருகிலேயே ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.