வாசகர் கேள்வி – பதில்: அழுதால் பக்தி குறைந்துவிடுமா?

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு புற்றுநோயால் காலமானார். கடைசி நாட்களில் "எப்பவோ முடிந்த காரியம்" என்று சொல்லிக்கொண்டு அவர் அமைதியாகவே இருந்தார். அந்தியேட்டிக் கிரியை கழிந்து பல மாதங்களாகியும் எனக்கு அந்த அமைதி வரவில்லை. "எல்லாம் முற்பிறப்பு வினை, அழுது என்ன பயன்?" என்று உறவினர்கள் சொல்லும்போது கோபமே வருகிறது. நான் பக்தி குறைந்தவளா?
– ஒரு வாசகி, கோப்பாய்

பதில்: இல்லை, அம்மா. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் கேட்டு, 1964இல் சமாதியடையும் வரை கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் அன்பர்களுக்குச் சொல்லிவந்த மகாவாக்கியம், உங்கள் கணவர் சொன்ன "எப்பவோ முடிந்த காரியம்". உங்கள் கணவர் அதைத் தம் நோயை எண்ணித் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது அவரைத் தாங்கியது. உறவினர் சொன்னதும் ஏறத்தாழ அதே கொள்கைதான் என்றாலும், துன்பத்துக்கு வெளியே நிற்பவர் துன்பப்படுபவரை நோக்கிச் சொல்லும்போது ஆறுதல் தீர்ப்பாகிவிடுகிறது. உங்களுக்குக் கோபம் வந்தது அந்தத் தீர்ப்பினால்தான் என்று கருதுகிறேன்.

மருத்துவன் அறுத்துக் கீறி நோய் தீர்ப்பதுபோல, பிராரத்த வினையை, அதாவது முன்செய்த வினையில் இப்பிறவியில் அனுபவிக்க வந்த பங்கை, நுகரச் செய்து இறைவன் உயிரைப் பக்குவப்படுத்துகிறான் என்பதே சைவசித்தாந்தம் தரும் விளக்கம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவன் ஒருவனே அறிவான். செத்தவீட்டுப் பந்தலில் கதிரை போட்டு இருப்பவருக்கு அந்த இரகசியம் எப்படித் தெரியவந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. சூலை நோயால் துடித்த அப்பர் பெருமான் திருவதிகையில் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று இறைவனிடமே முறையிட்டார். வலி பொறாதவர் எழுப்பிய அந்தக் குரலைத்தான் நாம் தேவாரமாக ஓதிவருகிறோம்.

நமது கிரியைகளும் அழுகைக்கு இடம் வைத்தே அமைந்தவை. இறைவனின் திருமுழுக்குக்கு மணப்பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக மாணிக்கவாசகர் அருளிய திருப்பொற்சுண்ணம், யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டில் உரலில் சுண்ணம் இடிக்கும்போது பாடப்படுகிறது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நிற்க, அதே முற்றத்தில் ஒப்பாரியும் எழுகிறது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்குங்கள் என்று எந்தக் குருக்களும் சொல்வதில்லை. பின்னர் எட்டுச்செலவுச் சடங்கு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடலில் சாம்பல் கரைப்பது என்று துயரப்படுபவரின் கைகளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்து, உடலைக்கூடக் காணாதவர்களுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. அவர்களுடைய துயரம் இன்னும் ஆறாதிருப்பதை நம்பிக்கைக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

முதிய நோயாளர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டான் என்ற எண்ணத்தோடு போராடியவர்களிடையே இறப்பு வாய்ப்பு சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. வினையைச் சொல்லி ஒருவரைக் குற்றவாளியாக்குவது அந்த எண்ணத்தை விதைக்கக்கூடும்; ஆகவே அது வெறும் நாகரிகக் குறைவோடு நின்றுவிடுவதில்லை.

அப்படிப் பேச வருபவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்; உங்கள் கணவரின் அமைதியை நீங்களும் காட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறக்கமும் உணவும் தொடர்ந்து கெட்டிருந்தால் மட்டும், யாழ். போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவர் ஒருவரைச் சந்தியுங்கள்.

கேள்வி: என் பெரியப்பா "விதிப்படி நடக்கட்டும்" என்று மருந்தை நிறுத்திவிட்டார். இது ஞானமா?
– ஒரு வாசகர், தெல்லிப்பழை

பதில்: அவருடைய மருத்துவர் இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று சொல்லி, அவரும் தெளிந்த மனத்தோடு தீர்மானித்திருந்தால், அதை மதிக்கலாம். குணப்படுத்தக்கூடிய நோய்க்கு இப்படிச் சொல்கிறார் என்றால், பிராரத்தத்தை மட்டும் நினைத்து ஆகாமியத்தை மறந்துவிட்டார் என்பேன். இன்று செய்வதும் செய்யாமல் விடுவதும் புதிய வினையாகும் என்பதும் சித்தாந்தமே. சில வேளைகளில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் செலவு பற்றிய கவலையோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்ற அச்சமோ இருப்பதுண்டு. முதலில் அதைக் கேட்டறியுங்கள். பிறகு திருநீறு பூசி, குறித்த திகதியில் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.