பல் கட்டினால் ஆயுள் கூடுமா? சேமிப்புக் கணக்கை மூடுவதற்கு முன்

கேள்வி: எனக்கு வயது 67. மாத ஓய்வூதியம் 14,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 14 மாதங்களுக்கு முன் ஒரே கணக்கில் 15 லட்சம் போட்டேன், வட்டி 8.2 சதவீதம். வங்கி வைப்பில் 4 லட்சம் இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டு. கீழ்த்தாடையில் பல்லே இல்லை, மேலே ஒன்பது பற்கள் மிஞ்சியுள்ளன. கீழே நிலையான இம்பிளான்ட் பற்கள் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேரின் மேல் அமைபவை) வைக்க 3.6 லட்சம் ஆகும் என்றும், வைத்துக்கொண்டால் ஆயுள் பத்து ஆண்டு கூடும் என்றும் ஒரு பல் மருத்துவர் சொல்கிறார். மற்றொருவர் இரண்டு இம்பிளான்ட்டின் மேல் பொருத்தும் கழற்றக்கூடிய பல் செட்டுக்கு 1.3 லட்சம் கேட்கிறார். சேமிப்புத் திட்டத்திலிருந்து பணத்தை எடுக்கலாமா? வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்கிறான் மகன்.

பதில்: நான் பல் மருத்துவன் அல்லன், ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவாகாமல் எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்ல முடியாது என்பதால், அந்தப் பத்து ஆண்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பற்களை அதிகம் இழந்தவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் புகை, சர்க்கரை நோய், வறுமை ஆகியவை பல்லையும் கெடுக்கின்றன, ஆயுளையும் குறைக்கின்றன. ஆகவே, இழந்த பல்லின் இடத்தில் புதுப்பல் வைத்ததும் குறைந்த ஆயுள் திரும்பி வந்துவிடும் என்று அந்த ஆய்வுகளிலிருந்து முடிவு கட்ட இயலாது. 80 வயதிலும் 20 பற்கள் இருக்க வேண்டும் என்று ஜப்பான் 1989இல் தொடங்கிய இயக்கம்கூடச் சொந்தப் பற்களைக் காப்பதைத்தான் இலக்காகக் கொண்டது.

நீங்கள் உறுதியாகப் பெறக்கூடியது மெல்லும் வசதி. பல் இல்லாதவர்கள் கீரைத்தண்டு, கொட்டைகள், இறைச்சி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு இட்லி, ரொட்டி, குழைந்த சோறு என மாவுச்சத்தின் பக்கம் நகர்வது இயல்பு, சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதல்ல. அந்த வகையில் உங்கள் செலவு நியாயமானதே. ஆயினும் இம்பிளான்ட் செட் வைத்தவர்களையும் சாதாரணச் செட் வைத்தவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில், மெல்லும் திருப்தி கூடிய அளவுக்கு உடலின் சத்து நிலை உயரவில்லை. புதுப்பல் வந்த பிறகும் தட்டில் பழைய உணவே விழுந்தால் 3.6 லட்சத்தால் என்ன பயன்?

இப்போது பணக் கணக்கு. மூத்த குடிமக்கள் கணக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்க விதி இடம் தருவதில்லை, முழுக் கணக்கையும் மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு முடியாத நிலையில் அசலில் 1.5 சதவீதம், அதாவது 22,500 ரூபாய், பிடித்துக்கொள்வார்கள். (தொகையை இரண்டு மூன்று கணக்குகளாகப் பிரித்துப் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் மூடியிருக்கலாம்; இனி போடுவோர் இதைக் கவனிக்கவும்.) அதன் பின்னும், 3.6 லட்சத்துக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த 29,520 ரூபாய் வட்டி நின்றுவிடும். மாதம் 2,460 ரூபாய் என்பது உங்கள் வருமானத்தில் சிறு தொகையல்ல. ஆகவே அந்தக் கணக்கைத் தொட வேண்டாம்.

மகன் சொல்லும் ‘வட்டியில்லாத் தவணை’யையும் நான் ஏற்கவில்லை. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளைக் கண்டித்தது. மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், மறைந்திருக்கும் வட்டி வெளியே வந்துவிடும்.

என் சாய்வு 1.3 லட்சத் திட்டத்தின் பக்கம். முழுதும் பல் இழந்தவர்களின் கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட்டின் மேல் அமரும் செட்டையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தனர். உங்களுக்கு மேலே சொந்தப் பற்கள் இருப்பதால் இரண்டு போதுமா என்பதை மட்டும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எலும்போடு இம்பிளான்ட் இணைய மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் ஆகும் என்பதால், பணத்தையும் இரண்டு கட்டமாகக் கொடுப்பதாகப் பேசுங்கள். முதல் பாதியை வங்கி வைப்பிலிருந்து எடுங்கள். இரண்டாம் பாதியில் 30,750 ரூபாயைச் சேமிப்புத் திட்டத்தின் காலாண்டு வட்டியே தந்துவிடும். மீதியையும் வங்கி வைப்பிலிருந்தே எடுத்தாலும் அவசரத்துக்கு மூன்று லட்சம் கையிருப்பில் நிற்கும். மருத்துவக் காப்பீடு இருந்தாலும் விபத்தால் வந்ததல்லாத பல் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. வருமான வரியில் மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும் 50,000 ரூபாய்க் கழிவும் காப்பீடு இல்லாதவர்களுக்கே, அதுவும் பழைய வரி முறையில், ரொக்கமாக அல்லாமல் செலுத்தினால்தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் சில ஆயிரங்களில் முடியும் ஒரு வேலை உண்டு. மிஞ்சியுள்ள ஒன்பது பற்களின் ஈறுகளுக்கு முறையான சிகிச்சை செய்துகொள்ளுங்கள். ஈறு நோயுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு இச்சிகிச்சையால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. உடல்நலத்துக்கு என்று கொடுக்கும் பணத்தில் இதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பும் அதிகம் என்பதால், அந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.