லாரிச் சத்தத்துக்கு நடுவே குயிலோசை

அன்புள்ள ஐயா,

வடசென்னைக் கொடுங்கையூரில் இருக்கும் கல்லூரி மாணவன் நான். சின்னதாக ஒரு ரெக்கார்டர் வாங்கியிருக்கிறேன். சித்திரை, வைகாசியில் பறவைகளின் பாட்டைப் பதிய ஆசை. கேட்டால் எல்லோரும் கிண்டி, வேடந்தாங்கல் என்கிறார்கள். விடியற்காலையில் அவ்வளவு தூரம் போக வழியில்லை. நம் பக்கம் நல்ல இடம் இருக்கிறதா? எங்கே நின்றாலும் லாரிச் சத்தம்தான் பதிவாகிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

வேடந்தாங்கல் நீர்ப்பறவைகளின் ஊர். நம் ரெட்டேரியும் அப்படித்தான். பார்க்க நிறைய உண்டு, பாட்டு குறைவு, பக்கத்திலேயே நெடுஞ்சாலை வேறு. பாடும் பறவைகளுக்குப் பழைய மரமும் புதரும் வேண்டும். மாதவரம் பால்பண்ணைப் பக்கமும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பின் உள்தெருக்களும் போய்ப் பாருங்கள். மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவும் நல்ல இடம்தான். திறக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், குண்டுக்கரிச்சான் பொழுது புலரும் முன்பே பாடத் தொடங்கிவிடும்.

லாரி உறுமலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். அதன் பெரும்பகுதி 300 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 300 அதிர்வுக்குக் கீழே இருக்கிறது. குயிலின் கூவல் 1000 ஹெர்ட்ஸை ஒட்டியது, தையல்சிட்டும் தேன்சிட்டும் அதற்கும் வெகு மேலே. ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'லோ கட்' போட்டால் உறுமல் நிறையவே அடங்கும். ஹாரன்தான் நமக்கு எதிரி. பாட்டு இருக்கும் ஹெர்ட்ஸ் அளவிலேயே அதுவும் ஒலிக்கிறது. அதை வெட்டினால் பாட்டும் சேர்ந்து போகும். அதனால் மரத்தைத் தேடும் முன் சிக்னலும் பஸ் நிறுத்தமும் எங்கே என்று பாருங்கள். அவற்றுக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகளாவது இருக்கட்டும். கட்டடம் உறுமலைப் பெரிதாகத் தடுக்காது, ஹாரனை நன்றாகத் தடுக்கும். இப்படிப் பார்த்தால் உங்கள் மொட்டைமாடிகூடத் தேறலாம். பக்கத்தில் அரசமரமோ ஆலமரமோ இருந்தால் குக்குறுவான் வெயில் ஏறிய பிறகும் டொக் டொக் என்று விடாமல் குரல் கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே போய் நில்லுங்கள். வண்டி குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். கடற்காற்று எழுந்துவிட்டால் மைக்கில் அதுதான் கேட்கும்.

அப்புறம் ஒன்று, இதில் நான் பிடிவாதக்காரன். பதிந்த பாட்டைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். இது கூடு கட்டும் காலம். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று அது கூட்டை விட்டுவிட்டு விரட்ட வரும். கேட்பதற்குப் போன நாம் அதை அலைக்கழிக்கக் கூடாது.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தேதி, நேரம், இடத்தை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பை எம்.பி.3 ஆகச் சுருக்காமல் வேவ் ஆகவே வையுங்கள். நல்லவற்றை 2005 முதல் இயங்கும் ஸீனோ-கான்டோ என்ற பறவைக் குரல் தொகுப்புத் தளத்தில் ஏற்றலாம். இடம் என்ற கட்டத்தில் சென்னை என்று மட்டும் போடாமல், கொடுங்கையூர் என்றே எழுதுங்கள்.